நான் அடிக்காத ஹோன்

புதுக் கார் வாங்கிய இரண்டாவது மாதமே அதன் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. சின்னதாக ஒரு ஒலிபெருக்கிப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மின்சாரக் கார் மெதுவாக ஓடும்போது எஞ்சின் சத்தம் இருக்காது. ரோட்டில் நடப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று முன்பக்கத்தில் ஒரு கருவியை வைத்து 'ம்ம்ம்' என்று ஒலியெழுப்ப விட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்பதுதான் விளக்குக்கு அர்த்தம்.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம், கொழும்புக்குக் கொண்டு வாருங்கள், அதுவரைக்கும் ஆட்கள் நடக்கும் இடத்தில் கட்டாயம் ஹோன் அடித்து ஓட்டுங்கள் என்று சிங்களத்தில் ஒருவர் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு விளங்காமலும் இல்லை.

கொண்டுபோகவில்லை. காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஹட்டனில் எங்கள் தெருவில் மின்சாரக் கார் வாங்கிய முதல் ஆள் நான். "டீச்சர், இந்த மலைக்கு பெட்டரி வண்டியா? ஏத்தத்துல நின்னுரும், பாத்துக்கங்க" என்று எதிர்க்கடை முதலாளி முதல் நாளே சொன்னார். நானும் விடவில்லை. இறக்கத்தில் இறங்கும்போது இது தானாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். அப்படிப் பீற்றிக்கொண்டவள் இரண்டே மாதத்தில் வண்டியைப் பழுது பார்க்க அனுப்பினால் முதலாளி கல்லாவில் இருந்தபடியே ஒரு பார்வை பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இருபது வருஷம் பஸ்ஸில் இடிபட்டுப் பாடசாலைக்குப் போனவள் நான். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமே இல்லாமல் தேயிலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போவது ஏதோ பெரிய மனுஷி ஆனது மாதிரி இருந்தது. ஹோன் அடித்தால் அது கெட்டுவிடும்.

நான் படிப்பிப்பது நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். அந்தத் தோட்ட ரோட்டில் ஆட்கள் எப்படி நடப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். முதுகில் கொழுந்துச் சாக்கு, இல்லாவிட்டால் தலையில் விறகுக்கட்டு. இதோடு கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, காதை வைத்துத்தான் நடக்க வேண்டும். கொழுந்து லொறியா, தோட்டத்துத் துரையின் ஜீப்பா, ஆட்டோவா என்று பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டே ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான் பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். பத்து வயதில் நானும் விறகுக்கட்டோடு அப்படி ஒதுங்கியிருக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்டு வரும் நேரம். மழை இல்லை, பனி மூட்டமும் இல்லை. சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. வளைவு தாண்டியதும் முன்னால் ஒருவர் விறகுக்கட்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, கொழுந்து பறிப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பின்னால் மெதுவாக ஊர்ந்தேன். ஒதுங்குவார் என்று பார்த்தேன், ஒதுங்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. வண்டிக்காரர்களுக்கு வரும் அதே எரிச்சல். ஹோன் இருந்தது, கையும் பக்கத்திலேயே இருந்தது. ஓரத்தில் இடம் இருக்கிறதே, போய்விடலாம் என்று திருப்பினேன். பக்கக் கண்ணாடி விறகில் தட்டியது. அக்கா கட்டோடு கானுக்குள் சரிந்தார்.

இறங்கி ஓடினேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஹோன் அடிச்சேனே அக்கா, கேக்கலையா?"

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு முந்திக்கொண்டது. யோசிக்காமல் வந்த பொய் என்பதால் அது என் பொய் இல்லை என்று ஆகிவிடாது.

அக்கா வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கானுக்குள் உட்கார்ந்திருந்தார். "கேக்கலையே டீச்சர். மன்னிச்சிக்கங்க" என்றார். பிறகு என் காரைப் பார்த்து, "கண்ணாடி ஒடஞ்சிருச்சா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீட் அழுக்காகிவிடும் என்று நுனியில்தான் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் இடது கையால் காதைத் தடவிக்கொண்டே, "டீச்சர், வண்டி ஓடுது. ஆனா சத்தமே கேக்கலையே எனக்கு. ஹோனும் கேக்கல, இதுவும் கேக்கல. காது போச்சு போல" என்றார். குரல் நடுங்கியது. கை வலிக்கு அவர் அப்படி நடுங்கவில்லை.

ஒரு வாக்கியம் போதும். இது பெட்டரி வண்டி அக்கா, யாருக்குமே கேட்காது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து ஹோனைப் பற்றி யோசிப்பாரே என்று பயந்தேன். "அப்படியே டாக்டர்கிட்ட காதையும் காட்டிருவோம் அக்கா" என்றேன். அன்பாக வேறு சொன்னேன். இத்தனையிலும் என்னை அதிகம் சுடுவது அந்த அன்புதான்.

மணிக்கட்டில் எலும்பு வெடித்திருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். காதுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்த டாக்டர் ஒன்றும் தெரியவில்லை என்றார். டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்று அக்கா அதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கொழும்புக்குப் போனேன். எதிர்க்கடை முதலாளியிடம் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன், அதற்காகப் பட்டுச்சேலை வேறு கட்டியிருந்தேன். அங்கே கம்பனியில் ஒரு இளைஞர் பொட்டை நகத்தால் உரித்து எடுத்து என் கையில் கொடுத்தார். கணினியை வண்டியோடு இணைத்தார். கார் எல்லாவற்றையும் தன்பாட்டுக்கு எழுதி வைத்திருந்தது. கருவி பழுதான நாள், அதன் பிறகு நான் ஸ்டார்ட் செய்த ஒவ்வொரு நாளும் அது எனக்குச் சொன்ன எச்சரிக்கை, எல்லாமே இருந்தன. தண்ணீர் இறங்கி ஒரு வயர் முனை கெட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சரியாக்கிவிட்டு அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். அக்கா முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார், மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் கையைத் தூக்கினார். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க டீச்சர், எனக்குக் காது சரியில்ல." சத்தமாகப் பேசினேன். கூட்டம் முடியும்வரை தொண்டை கிழியச் சத்தமாகவே பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் இன்னொரு அம்மா என்னிடம் வந்து அக்காவுக்காகப் பரிதாபப்பட்டார். "மொத வளைவுல வர்றப்பவே எந்த வண்டின்னு சொல்லிருவாங்க டீச்சர், அம்புட்டு நல்ல காது. இப்ப கணக்கப்பிள்ளை அவங்கள ரோட்டோர மலைக்கே கொழுந்தெடுக்கப் போடுறதில்ல. லொறி வந்தா நாங்கதான் கையப் புடிச்சி இழுத்து விடுறோம். அவங்க பயந்துகிட்டே இருக்காங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். அக்கா தனியாக இருந்தார். முன்னால் நாற்காலி போட்டு, பெரிய சத்தமாக, "வாங்க டீச்சர்" என்றார். காது மந்தமானவர்கள் பேசுவது மாதிரியே பேசப் பழகியிருந்தார்.

"நான் ஹோன் அடிக்கல அக்கா" என்றேன். "வண்டியில சத்தம் போடுற சாமான் பழுதாப் போயிருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். உங்க காதுல ஒண்ணுமே இல்ல."

சிரித்தார். "நீங்க நல்லவங்க டீச்சர். என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க."

காகிதத்தை விரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் விழுந்த அன்னைக்கு அது ஊமையா இருந்துச்சா?"

"ஆமா அக்கா."

"ஹோனு?"

"அடிக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று ஒரு ஆசை, அதுவும் எனக்காகத்தான். அவர் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அங்கிருந்து என் பக்கம் திரும்பாமல், இப்போது சாதாரணக் குரலில் பேசினார்.

"பெரட்டுல எல்லாரு முன்னாடியும் நானே சொல்லிட்டேன், காது போச்சுன்னு. இப்ப நானே போய் நல்லாருக்குன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க வந்து சொல்லுங்க டீச்சர்."

பெரட்டு என்றால் காலையில் மொத்தத் தோட்டமும் கூடி நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடம். என் பிள்ளைகளின் அம்மா, அப்பா எல்லோரும் அங்கே இருப்பார்கள். கணக்கப்பிள்ளை இருப்பார். கடிதம் எழுதிக் கொடுக்கலாமா, கணக்கப்பிள்ளைக்கு மட்டும் போனில் சொல்லலாமா என்று மனம் இன்னமும் சந்து தேடியது. "வர்றேன் அக்கா" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் முதுகைக் காட்டிக் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"சரிங்க டீச்சர்" என்றார், திரும்பாமலே. "நாளைக்கு ஆறரைக்கு."