பேசுவதற்கு முன்பே ஒரு பாராட்டு விழா

போன சனிக்கிழமை காலை, கோலசிலாங்கூரில் ஒரு மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் என் தங்கை மகள் தர்ஷினி. கழுத்தில் மாலை. தோளில் பொன்னாடை. முகத்தில்... எப்படிச் சொல்வது? பல் பிடுங்கக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த முகம்.

அவளுக்குப் பின்னால் ஒரு பேனர். 'அனைத்துலக மாநாட்டில் முழங்கும் எங்கள் விஞ்ஞானி' என்று எழுதி, அவள் படத்தைவிட மூன்று மடங்கு பெரிதாகச் சிறப்பு விருந்தினரின் படம். நாள், கிழமை எல்லாம் போட்டிருந்தார்கள். ஆண்டு இல்லை. நாளைக்கு ஒருவன் இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இந்தப் பேனரை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

சரி, அது என் கவலை. தர்ஷினியின் கவலை வேறு. பேனர் சொன்ன அந்த மாநாடு, காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தொலைவில், ஒரு பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே தொடங்கியிருந்தது. பதினொன்றரைக்கு அவள் அங்கே பேச வேண்டும். நாங்களோ இன்னும் இங்கே வரவேற்புரையைத் தாண்டவில்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

தர்ஷினி முதுகலை மாணவி. படிப்பது பாய்ம இயக்கவியல். தண்ணீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன, எங்கே சுழல்கின்றன, எங்கே தேங்குகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் படிப்பு. அவள் எடுத்துக்கொண்டது நம் ஊர்ச் சங்கதி. கரையோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வாட்டர்கேட் தெரியும் — தோட்டத்துக் கால்வாய் கடலைத் தொடும் இடத்தில் நிற்கும் பெரிய கதவு. கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும். இறங்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் தள்ளித் திறக்கும். கதவடியில் சேறு படிந்துவிட்டால் சரியாகத் திறக்காது. அப்புறம் ஒரு மழை போதும், செம்பனைக் காட்டில் முழங்கால் தண்ணீர்.

அந்தச் சேறு எப்படிப் படிகிறது, கதவை எப்படி அமைத்தால் தண்ணீரே அதை அடித்துக்கொண்டு போகும் — இதுதான் அவள் ஆராய்ச்சி. இதற்காகச் சேற்றை ஐஸ்கிரீம் டப்பாக்களில் அள்ளி வந்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். என் தங்கை சரோஜா, பிளாச்சான், அதாவது இறால் விழுது, என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்துச் சட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

"ஏம்மா, வாசனை கூடவா தெரியல?"

"பழைய பிளாச்சான்னு நெனச்சேன் லா."

இப்படியெல்லாம் பாடுபட்டு ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். அடுத்தது முனைவர் பட்டம். அதற்கு இடமும் உதவித்தொகையும் வேண்டும். அந்த வாய்ப்புகள் நம் பக்கம் எப்படி வந்து சேர்கின்றன தெரியுமா? வாட்ஸ்அப்பில். 'நம் பிள்ளைகள் பயன்பெறட்டும், அனைவருக்கும் பகிரவும்' என்று. எப்போது வெளிவந்த அறிவிப்பு என்று இருக்காது. தேடிப் பிடித்துப் பார்த்தால் விண்ணப்பம் மூடி எத்தனையோ காலமாகியிருக்கும். அதை இன்றைக்கும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கே வாரம் ஒன்று வருகிறது.

மின்னஞ்சலில் வருவது இன்னொரு ரகம். 'மதிப்புமிகு பேராசிரியரே, எங்கள் பாய்ம இயக்கவியல் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற வாருங்கள்' என்று மாணவியை அழைப்பார்கள். அதே ஹோட்டலில், அதே நாளில், அதே ஆட்கள் பல் மருத்துவத்துக்கும் கோழி வளர்ப்புக்கும் மாநாடு நடத்துவார்கள். கட்டணத்தைக் கட்டினால் போதும், யாரும் எதைப் பற்றியும் பேசலாம்.

இந்தக் குப்பையை எல்லாம் சலித்துத்தான் தர்ஷினி ஓர் உருப்படியான மாநாட்டைக் கண்டுபிடித்தாள். அதற்கு வரவிருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கும் எழுதினாள். ஆற்று முகத்துவாரச் சேற்றைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்பவர். அவரிடம் முனைவர் பட்ட மாணவருக்கு ஓர் இடம் காலியாக இருந்தது, முழு உதவித்தொகையோடு. 'உன் பேச்சைக் கேட்கிறேன். பிறகு பேசலாம். அன்று மாலையே எனக்கு விமானம்' என்று பதில் போட்டிருந்தார்.

ஒரே ஒரு இடம். ஒரே ஒரு முற்பகல்.

இந்தச் செய்தி சரோஜா வாயிலிருந்து கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து வட்டார மன்றத்துத் தலைவர் காதுக்குப் போனது. அன்று மாலையே அவர் எனக்குப் போன் செய்தார்.

"ஐயா, நம்ம பொண்ணு அனைத்துலக மாநாட்டுல பேசுதாமே! சும்மா அனுப்பலாமா? ஒரு வழியனுப்பு விழா வச்சே ஆகணும்."

"அவ பேசிட்டு வரட்டும் தலைவரே. அப்புறம் வைக்கலாம்."

"அப்புறம் மண்டபம் கெடைக்காது. சிறப்பு விருந்தினரா வர்ற டத்தோவும் அந்தச் சனிக்கிழமை காலையிலதான் ஃப்ரீ. எட்டரைக்கு ஆரம்பிச்சு ஒம்பதுக்கு முடிச்சிருவோம் லா!"

தலைவர் கெட்டவர் இல்லை. தர்ஷினியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஒரு வேன் நிறைய ஆள் திரட்டிக்கொண்டு போனவர். அதனால்தான் வீட்டில் யாராலும் மறுக்க முடியவில்லை. "கூப்பிட்டு போகலன்னா திமிர்னு சொல்வாங்க அண்ணே" என்றாள் சரோஜா. தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

நம் விழாக்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டரைக்கு நாற்காலிதான் வந்தது. பிறகு குத்துவிளக்குக்குத் திரி இல்லை. திரி வந்ததும் தேவாரம், பிறகு தமிழ் வாழ்த்து, பிறகு பிள்ளைகளின் வரவேற்பு நடனம், பிறகு வரவேற்புரை. பிறகு எல்லாம் நின்றுபோனது. டத்தோ சுங்கை ஆயர் தாவாரில் இன்னொரு நிகழ்ச்சியில் இருக்கிறாராம். வந்துகொண்டே இருக்கிறாராம்.

அவர் வரும்வரை மேடை காலியாக இருக்கலாமா? ஆடி முடித்த பிள்ளைகளையே திரும்ப ஆட விட்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, பெண் கல்வியைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. அந்தப் பெண் அங்கே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எரிச்சல் எதில் தெரியுமா? மண்டபம் நிரம்பி வழிந்தது. இதே தர்ஷினி, கடல் வற்றும் நேரத்தில் வாட்டர்கேட்டில் அளவுகோல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தாள். கட்டைவிரல் படம் ஏராளமாக வந்தது. ஆள்? வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது நானும் சரோஜாவும்தான். வேலைக்கு வராத கூட்டம், மாலைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

ஒரு கட்டத்தில் தர்ஷினி எழுந்து போய்த் தலைவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் அதை மைக்கிலேயே அறிவித்தார்: "விஞ்ஞானிக்கு நேரமாச்சாம்! இதோ, டத்தோ வந்துட்டே இருக்கார்!" கைதட்டல்.

அவள் திரும்ப உட்காரவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நேராகக் கீழே இறங்கினாள். சரோஜா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"டத்தோ வர்ற நேரத்துல எந்திரிச்சா என்னடி பேசுவாங்க?"

"பேசட்டும்மா. அங்க நான் போகலன்னா யாரும் பேசக்கூட மாட்டாங்க. 'வரவில்லை'ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க."

சரோஜா கையை விட்டாள்.

காரை எடுத்து வாசலுக்கு வந்தால், எதிரே டத்தோவின் கார் உள்ளே நுழைகிறது. தலைவர் நாற்காலியில் கிடந்த மாலையை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "ஒரே ஒரு போட்டோ! ஒன்னே ஒன்னு, ஐயா!" என் காருக்கு முன்னால் நின்றுகொண்டார். ஏற்றிவிட்டா போக முடியும்? தர்ஷினி இறங்கினாள். ஒன்று என்பது ஒன்றாக இருக்கவில்லை. டத்தோவோடு ஒன்று, மன்றத்தோடு ஒன்று, மகளிர் பிரிவோடு ஒன்று, டத்தோ கண்ணை மூடிவிட்டதால் திரும்ப ஒன்று.

வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு, பேச வேண்டியதை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எங்களுக்கு முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்து போனது. அதைத் தாண்ட வழியே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது அவள் நேரம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குத்துவிளக்கு இல்லை. பொன்னாடை இல்லை. அரங்கத் தலைவியாக ஒரு மலாய்ப் பேராசிரியை, கையில் ஒரு சின்ன மணி. நேரம் முடியப் போகிறது என்றால் ஒரு தட்டு. முடிந்துவிட்டால் இரண்டு தட்டு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்குகிறார். அந்த மணியைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை காலம் எத்தனை விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன்!

ஆனால் எங்களை அடித்ததும் அதே மணிதான். "மாஃப் யா, டிக். மன்னித்துக்கொள் தங்கச்சி. ஒருவருக்காக மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டியிருக்கும்" என்றார் அந்த அம்மையார், மென்மையாக, அசையாமல். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுப்பவரிடம் என்ன சண்டை போடுவது?

மதிய உணவு. கூட்டத்தில் கோழி பிரியாணித் தட்டோடு நின்றார் அந்தப் பேராசிரியர். தர்ஷினி போய் எதிரே நின்றாள். நெற்றியில் காலையில் வைத்த சந்தனம், தலையில் இரண்டு ரோஜா இதழ். நான் பக்கத்து மேசையில் தண்ணீர் குடிப்பதுபோல் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நீ பேசவில்லையே, ஏன்?"

"மன்னிக்கணும் சார். எனக்கு ஒரு வழியனுப்பு விழா இருந்தது."

"ஓ, எங்கே போகிறாய்?"

"இங்கேதான் சார்."

"இங்கேயா? எத்தனை நாளுக்கு?"

"சாயங்காலம் வரைக்கும்."

அவர் அந்தச் சந்தனத்தையும் ரோஜா இதழையும் ஏற இறங்கப் பார்த்தார். எழுபது கிலோமீட்டர் பயணத்துக்கு ஊர்கூடி வழியனுப்பும் ஒரு நாகரிகத்தை அவர் எங்கும் படித்திருக்க மாட்டார். பிறகு, "சரி, சேற்றைக் காட்டு" என்றார்.

நின்றபடியே மடிக்கணினியைத் திறந்தாள். நாலு பேர் முழங்கை இடிக்க, தட்டுகள் மோத, கதவடியில் சேறு படியும் படத்தைக் காட்டினாள். அவர் ஒரு கேள்வி கேட்டார். இவள் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதற்கு, "தெரியல சார், அதை இன்னும் அளக்கல" என்றாள். போச்சு என்று நான் கிளாஸை மேசையில் வைத்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முடிவு இதுதான். அவளுடைய அரங்கில் பேசிய இன்னொரு மாணவரை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இடத்தை ஏறக்குறைய அந்த மாணவருக்கென்றே மனதில் வைத்துவிட்டாராம். இருந்தாலும் இருவரையும் வீடியோவில் நேர்காணல் செய்துவிட்டு முடிவு சொல்கிறாராம். முன்னால் ஓட வேண்டியவள் இப்போது பின்னாலிருந்து துரத்த வேண்டும்.

திரும்பும் வழியில் எண்ணெய் போட நின்றபோது போனைத் திறந்தேன். மன்றத்துக் குழுவில் அந்த நாலாவது போட்டோ, டத்தோ கண் திறந்திருந்தது. கீழே: 'அனைத்துலக மாநாட்டில் உரையாற்றிச் சாதனை படைத்த எங்கள் தர்ஷினி.' வாழ்த்துகள் குவிந்துகொண்டே இருந்தன. கெர்லிங்கிலிருந்து ஒரு மாமா, உரை மிக அருமை என்று எழுதியிருந்தார். எந்த உரை? எங்கே கேட்டார்?

நம்மவர்கள் பாராட்டுவதில் குறை வைப்பதில்லை. பாராட்டுக்குரிய காரியம் நடப்பதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பதுதான் நினைவுக்கு வருவதில்லை.

முந்தாநாள் தலைவர் மறுபடி அழைத்தார். 'வெற்றி விழா' வைக்கலாமாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு நடக்கவில்லை, இடம் கைநழுவும் நிலையில் இருக்கிறது, ஒரு நேர்காணல் மட்டும் மிச்சம். மனிதருக்கு உண்மையாகவே வலித்திருக்க வேண்டும்.

"தப்புதான் ஐயா. அந்த நேர்காணலுக்கு எங்கே போகணும்? நானே வேன் எடுக்கறேன்."

"எங்கேயும் போகல தலைவரே. வீட்டுல இருந்தே, கம்ப்யூட்டர்ல."

"அப்படியா? அப்ப நாங்க எல்லாரும் வீட்டுக்கே வந்துடறோம் லா!"

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நேர்காணலை ரவாங்கில் ஒரு தோழி வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். எந்தத் தோழி, எந்தத் தாமான் குடியிருப்பு, என்றைக்கு என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. நீங்க பத்திரிகையில எழுதற ஆளு."