ஆஷ்மோர் படகுத்துறை

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. எர்னஸ்டீன் கதை கட்டுகிற ஆள் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், எழுந்து போய் பாத்திரம் கழுவுகிறவள். போன ஜூன் மாதம், தென் கரோலினாவில், ஆஷ்மோர் நெல் தோட்டத்தில் அவளுக்கு நடந்தது இது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஒரு நாள் வடக்குப் படை ஆற்று வழியாக வந்து அந்தத் தோட்டத்தைத் தாக்கியது. பங்களாவைக் கொளுத்திவிட்டு, அங்கிருந்த அடிமைகளை விடுவித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனது. ஆண்டுதோறும் அதை அதே இடத்தில் நடித்துக் காட்டுவார்கள். சிப்பாய் உடை, வெற்று வெடி, புகை எல்லாம் உண்டு. எர்னஸ்டீனும் அவள் சொந்தக்காரர்களும் வரப்பு மேல் ஓடிவந்து படகில் ஏறுவார்கள். அவர்களுடைய முன்னோர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அதே வரப்பு.

படகு நிறைந்துபோனதால் கரையிலேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நடிப்பில் ஒரு சொல்கூடக் கிடையாது. அதையும் சேர்க்கச் சொல்லி எர்னஸ்டீன் வருடா வருடம் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“ஜனங்க கை தட்டிட்டுப் போகத்தான் வர்றாங்க, மிஸ் எர்னஸ்டீன். அழுதுட்டுப் போக இல்ல,” என்றான் தோட்டத்து நிர்வாகி ஹாலிஸ். இந்த வருடமும் அதே பதில்தான்.

அன்று காலை ஒத்திகையில் எதுவுமே உருப்படியாக நடக்கவில்லை. புகை இயந்திரம் இருமிவிட்டு நின்றுபோனது. வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. கம்பளிப் பாவாடை வியர்வையில் காலோடு ஒட்டியது. ஹாலிஸ் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

“மறுபடியும் ஓடுங்க.”

ஓடினார்கள். பாதி வழியில் யாரோ அவள் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள்.

“யாரது? விடு, விழுந்துடப் போறேன்.”

திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் சேறும் கோரையும்தான்.

“மறுபடியும். கடைசியா வர்ற அந்தக் கிழவியைக் கொஞ்சம் வேகமா வரச் சொல்லுங்க. நொண்டிக்கிட்டே வந்தா எப்ப ஏத்துறது?”

“எந்தக் கிழவி? நான்தான் கடைசி.”

“உங்க பின்னாடிதான் வர்றாங்க. என்கிட்ட சொல்லாம ஆளைக் கூட்டிட்டு வந்துட்டு, இப்ப என்கிட்டயே கேக்குறீங்களா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னிடம் சொல்லாமல் யாரையோ சேர்த்திருக்கிறான். பழி மட்டும் தன் மேல். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு நடிப்பு தொடங்கியது. நல்ல வெயில். கரை நிறையக் கூட்டம். வெடி வெடித்தது. ஓடினார்கள்.

அதே இடம்... அதே பிடி.

இந்த முறை கை ஈரமாக இருந்தது. பாவாடையைத் தாண்டி அந்தக் குளிர் தொடையில் ஏறியது. காதருகே மூச்சு இரைத்தது. கூடவே, மிக மெல்ல...

“நில்லு... நானும் வர்றேன்...”

அவள் நிற்கவில்லை. நிற்கக் கால் வரவில்லை. கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகை மேல் ஏறிப் படகுக்குள் விழுந்தாள்.

பிடி விட்டுப்போயிருந்தது.

படகோட்டி லின்வுட் அவளுடைய சித்தி மகன். பலகையை இழுக்கக் குனிந்தான்.

“எடுக்காத.”

“அக்கா, ஹாலிஸ் கத்துறான்.”

“கத்தட்டும். பலகை இருக்கட்டும்.”

பலகைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

தட்.

பலகையின் கரைப்பக்க முனை அழுந்தியது.

கிரீச்...

பலகையின் நடுப்பகுதி வளைந்தது. லின்வுட் கையை எடுத்துக்கொண்டான்.

தட்...

படகு ஒரு பக்கம் தாழ்ந்தது.

பலகை நிமிர்ந்தது.

கரையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு எர்னஸ்டீன் ஹாலிஸிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒத்திகையில் யாரைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டாள். வெள்ளைத் தலைத்துணி, வளைந்த கால் என்றான். அந்த உடை அவர்களிடம் இல்லவே இல்லை என்று உடைகளைக் கவனிக்கிறவள் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து லின்வுட் பேசினான்.

“அக்கா... படகு தாழ்ந்தே கிடக்குது.”

“ஓட்டையா இருக்கும்.”

“கரையில ஏத்திப் பார்த்துட்டேன். ஓட்டை இல்ல. தண்ணியும் உள்ள இல்ல. எறக்கினா, மறுபடியும் தாழுது.”

“அந்தக் கிழவிதான்னா... அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுடுடா.”



“ஒருத்தின்னா விட்டுட்டு வந்திருப்பேன்.”

“என்ன சொல்ற?”

“ராத்திரி துறையில கட்டிட்டுப் போறேன். காலையில வந்து பார்த்தா, முந்தின நாளைவிடக் கீழ எறங்கியிருக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா... இன்னிக்கு விளிம்புக்கு நாலு விரல்தான் பாக்கி.”

படகு காலியாகத்தான் இருந்தது.