நிலாப் பெட்டிக்கு வைத்த பொட்டு

தர ஆய்வாளர் வேலை என்பது, பத்துப் பேர் பார்த்துப் பார்த்துச் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; நம்மைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் சின்னத் தொழிற்சாலைக்குப் போன வருடம் ஒரு ஆர்டர் வந்தது. நிலாவுக்குப் போகும் மனிதர்கள் அங்கிருந்து கல்லும் மண்ணும் அடைத்துக் கொண்டுவருவதற்கான பெட்டி. சோதனைக்கான பெட்டிதான். ஆனாலும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆள் எதற்கு?

பெட்டியை வடிவமைத்த இன்ஜினியர் மேடம் வந்து வகுப்பெடுத்தார். நிலாவின் தென் துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் உறைந்த தண்ணீர் இருக்கிறதாம். அங்குள்ள பழைய பாறைகளைப் படித்தால் பூமி பிறந்த கதையும் தெரியுமாம். "மெஷினே கல்ல எடுத்துக்கினு வருதே மேடம், ஆளு எதுக்கு?" என்று கேட்டேன். எது வித்தியாசமான கல் என்று நின்று பார்த்துப் பொறுக்க மனிதக் கண் வேண்டும் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது.

பக்கத்தில் பழவேற்காட்டுத் தேசம்மா உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கழுவித் துடைத்து முடிப்பது அவர் வேலை. நான்கு வருடமாகக் கான்ட்ராக்ட். அவர் பெயரில் ஒரு ரிஜெக்‌ஷனும் விழாமல் இந்த ஆர்டர் முடிந்தால் வேலை நிரந்தரம். என் பக்கம் குனிந்து சொன்னார்: "செவுளத் தூக்கிப் பாக்காம எவன் சார் மீன் வாங்குவான்?"

இரண்டு கையுறை

விண்வெளி உடையின் தடித்த கையுறையோடு மூடியைத் திறக்க முடிய வேண்டும். அந்தக் கையுறைக்கு நாங்கள் எங்கே போவது? வெல்டர் கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நானே முயன்றேன். வியர்த்து ஊற்றியதுதான் மிச்சம், கொக்கி அசையவில்லை. போதும் விடு என்று கழற்றப் போனேன். தேசம்மா விடவில்லை: "நம்ம ஊர்ல தொறக்கலன்னா பக்கத்து ஊட்ல ஸ்பானர் கேக்கலாம். அங்க அந்தப் புள்ளைங்க யார சார் கேக்கும்?"

வெள்ளிக்கிழமை

கொக்கியைப் பெரிதாக்கிச் சரிசெய்த பெட்டியை அனுப்பும் நாள். மூடியைத் திறந்தால் உள்பக்கம் மஞ்சள், நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் நிலாக் கல்லில் பூமியின் தூசி துளி ஒட்டினாலும் ஆராய்ச்சி பாழ்; சோதனைப் பெட்டிக்கும் அதே விதிதான். நிலாவில் மஞ்சள் விளைகிறது என்று யாராவது எழுதிவிட்டால்? சிரிப்பு வந்தது. ரிஜெக்‌ஷன் படிவத்தை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தேசம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஆளு போற வண்டில ஏறப்போவுதுன்னு வெச்சேன் சார். பொட்டு வெக்காம எப்டி அனுப்புறது?"

காரணம்

மறைக்கவும் முடியாது, அவர் பெயரை எழுதக் கையும் வரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. தலைமுடி, பவுடர், நகப்பூச்சு என்று கூடாதவற்றையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியது நான். அதில் மஞ்சள் குங்குமம் இல்லை. "காரணம்: தர ஆய்வாளரின் அறிவுறுத்தலில் விடுபட்டது" என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

தேசம்மா மறுபடி முதலிலிருந்து கழுவினார். மேடம் வந்து படிவத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேசம்மாவிடம் சொன்னார்: "இனிமே பேக்கிங் மரப்பெட்டிக்கு வைங்கம்மா. போறவங்க பத்திரமா திரும்பணும்னு எனக்கும் இருக்கு."

அந்த மாதமே தேசம்மா நிரந்தரமாகிவிட்டார். பத்தொன்பது வருடம் அடுத்தவர் தப்பையே எழுதிய நான், வீட்டுக்கு நகலெடுத்துப் போய்ப் பெருமையாகக் காட்டியது என் தப்பை எழுதிய அந்த ஒரே ஒரு காகிதத்தைத்தான்.