சாய்மனைக் கதிரையில் இருந்து லொறி திருத்திய கதை

கல்யாணம் முடித்துக் கல்முனைக்கு மாமி வீட்டில் வாழப் போனபோது என்னோடு இரண்டு சாமான்கள் வந்தன. ஒன்று தகரப் பெட்டி. மற்றது ஒரு பழைய டீசல் லொறி. பெட்டியால் ஒருவருக்கும் தொல்லை இருக்கவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போனால் நாற்பது நாள் ஒரு துரும்பும் தூக்கக் கூடாது என்பது என் மாமியின் சட்டம். வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தர் பூசி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடக்க வேண்டும். கோழி வரும், முட்டை வரும், வட்டிலப்பம் வரும். எட்டு வருடம் கராஜில் ஒயிலுக்குள் புரண்ட என்னை மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இப்படி வைத்திருந்தார்கள். கை நமைச்சல் எடுத்தது. சொன்னால் வெட்கம், இரவில் உம்மாவை நினைத்துக் கண்ணும் கலங்கியது.

மாமி என் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. மருமகனோடு நேரே கதைப்பது மரியாதை இல்லையாம். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சுவருக்குச் சொல்வார்: "கறி ஆறுது." நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன். சுவர் ஒருநாளும் வரவில்லை.

லொறியை நான் ஒரு வைக்கோல் வியாபாரியிடம் வாங்கியிருந்தேன். எஞ்சினை ஓட விட்டுக் காது வைத்துக் கேட்டேன், டயரைத் தட்டினேன், கியரை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் திருப்தி. சைலன்சரை மட்டும் அந்த மனிசர் தன் எண்ணத்துக்கு மாற்றியிருந்தார். கெபினுக்குப் பின்னால் ஆளுயரப் பீப்பாய் ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது, அதன் உச்சியில் புகைக்குழாய். வெள்ளிப் பூச்சு வேறு. "நானே செய்விச்ச வேல தம்பி. வைக்கல் ஏத்தினாலும் ஒரு நெருப்புப் பொறி பறக்காது" என்றார். அழகாக இருந்தது. அழகைப் பார்த்து ஏமாறாதே என்று கல்யாணத்துக்கு முன் ஆயிரம் பேர் புத்தி சொன்னார்கள். லொறிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மாமாவின் நெல் நற்பிட்டிமுனைக்கு அப்பால் சூடடிக்கும் களவெட்டியில் மூட்டையாகக் கிடந்தது. அந்தப் பருவத்தில் வரக் கூடாத மழை வானத்தில் கறுத்துக்கொண்டு நின்றது. "மாப்பிள்ளட லொறி இரிக்கிதானே" என்று மாமா வேறு வண்டி பேசவில்லை. மச்சான், அதாவது என் மனைவி நானா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், லொறியை எடுத்துக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் வெறும் லொறியோடு திரும்பி வந்தார். கறுப்புப் புகை. இழுவை இல்லை. சைக்கிளில் போன மீன்காரர் இரண்டு தரம் அவரை முந்திப் போனாராம். முதல் தரம் போனவர், மீன் விற்று முடித்துத் திரும்பி வந்தும் முந்தினாராம்.

நான் வந்த முதல் வெள்ளாமை என் லொறியால் நனைந்து முளைத்தால், 'மாப்பிள்ளை வந்த நேரம் சரியில்லை' என்று ஊர் ஒரு சொல் சொல்லும். அந்தச் சொல் மையத்துப் பெட்டியில் என்னைத் தூக்கும் வரைக்கும் கூட வரும்.

நான் எழும்பினேன். திரைச்சீலை அசைந்தது. "புது மாப்பிள்ள லொறிக்கடியில பூந்தா, மாமிக்காரி வேல வாங்குறாளெண்டு ஊரு சிரிக்கும்" என்றார் மாமி, சுவரிடம். நான் திரும்பவும் கதிரையில் குந்தினேன். மச்சான் கதிரையோடு என்னைத் தூக்கி லொறிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் வாய், அவர் கை.

"டீசல் பில்டரக் கழட்டுங்க மச்சான். இடது பக்கம் இரிக்கி."

"எனக்கு இடதா, லொறிக்கு இடதா?"

"லொறிக்கு."

"லொறி எந்தப் பக்கம் பார்க்கிறதெண்டு வெச்சிக்குவம்?"

பில்டரில் பிழையில்லை. அடுத்தது டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுக்கச் சொன்னேன். அவர் தளர்த்திய ஆணியில் டீசல் பீறி மூக்குக்கண்ணாடியில் அடித்தது. நான் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர், அதையும் குறித்துக்கொண்டார். டீசலைப் பீச்சும் நொசில் நாலையும் கழற்றிக் கழுவிப் பூட்டினார். புகை இன்னும் கறுத்தது. வேலியோரம் கூடிய கூட்டத்தில் ஒருவர் பம்பு போய்விட்டது என்றார். இன்னொருவர் கண்ணூறு என்றார். மாமி ஓதிய தண்ணீர் அனுப்பினார். மச்சான் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் ரேடியேட்டருக்குள் ஊற்றினார். அதில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது, அந்த அளவில் உதவி.

பிறகு மச்சான் முகத்தைத் துடைத்த லேஞ்சியைக் காயட்டும் என்று புகைக்குழாயின் வாயில் போட்டுவிட்டு, கெபினுக்குள் ஏறி என் சொற்படி எஞ்சினை முறுக்கினார். வளவு அதிர்ந்தது. கோழிகள் ஓடின. நான் கதிரையில் கிடந்தபடி மேலே பார்த்தேன். லேஞ்சி அசையவில்லை. அவ்வளவு பெரிய எஞ்சின் விடும் மூச்சுக்கு அது காரைதீவில் போய் விழுந்திருக்க வேண்டும். அது தொட்டில் பிள்ளை மாதிரிப் படுத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சட்டம் ஞாபகம் இருக்கவில்லை. வெள்ளைச் சாரனோடு லொறிக்கடியில் பாய்ந்தேன். "யா அல்லாஹ், மாப்பிள்ள!" என்று சுவரிடம் ஒரு சத்தம் கேட்டது. ஆணிகளைக் கழற்றிப் பீப்பாயைச் சரித்தபோது அது என் தலையில் ஒரு பறை கரியைக் கொட்டியது. உள்ளே கம்பி வலை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு. பொறி பறந்து வைக்கோல் பற்றாமலிருக்க அடைத்த மனிசர், ஒருநாளும் கழற்றித் துப்பரவாக்கவில்லை. வலைக் கண்ணெல்லாம் கரி அடைத்துக் கல்லாகிவிட்டது. பொறி பறக்காது என்று அவர் சொன்னது சத்தியம்தான். மூச்சும் பறக்காது என்பதைச் சொல்லவில்லை.

வலையைச் சுரண்ட நேரமில்லை. பீப்பாயை வளவில் போட்டுவிட்டு, மொட்டைக் குழாயோடு நானே ஓட்டினேன். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது! ஆடுகள் வேலி பாய்ந்தன. கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். களவெட்டியில் மாமா அந்தச் சத்தம் கேட்டு, நாங்கள் ஊரைத் தாண்டும்போதே மூட்டைகளை வரம்போரம் அடுக்கத் தொடங்கிவிட்டாராம். நெல்லை ஏற்றிப் படங்கு போட்டுக் கட்டித் திரும்பி, கடைசி மூட்டை அறைக்குள் போனதும் மழை இறங்கியது. ஒரு மூட்டையும் நனையவில்லை.

நனைந்தது நானும் மச்சானும்தான். தலையில் இருந்த கரி சாரன் வழியாக ஒழுக, விறாந்தைப் படியில் கால் வைத்தேன்.

திரைச்சீலை விலகியது. மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"இதென்னடா கோலம் ரெண்டு பேரும்! அந்தக் காலோட உள்ள வந்தா காலை முறிச்சிப் போடுவன். கிணத்தடிக்குப் போங்க! சவர்க்காரம் போட்டுத் தேய்க்காம ஒருத்தனுக்கும் சோறு இல்ல!"

மூன்று கிழமையாக அந்த வீட்டில் என்னை ஒருவரும் ஏசவில்லை. விருந்தாளியை யார் ஏசுவார்கள்? மச்சான் குனிந்த தலையோடு கிணற்றடிக்குப் போனார். அவருக்குப் பின்னால் நானும் போனேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, நல்லவேளை மழை பெய்தது. அன்று மச்சானுக்கு வைத்த அதே மீன் தலையையும் சோற்றையும்தான் எனக்கும் வைத்தார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிரவு உம்மாவை நினைக்காமல் தூங்கிப் போனேன்.