கிராணி உயிர் கொடுத்த பேட்டரி

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டில் ராஜ உபசாரம் கிடைத்தது ஒரு செத்த பேட்டரிக்கு மட்டும்தான். அண்ணன், அண்ணி, நான் மூவரும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம்.

அண்ணன் எஸ்டேட் லாரி டிரைவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் லாரி ஜப்பான் அதிகாரியின் கைக்குப் போனது. மலையிலிருந்து காய்கறியைக் கீழே தாப்பா ஊருக்கு இறக்கிக்கொண்டிருந்த அந்த லாரி ஒருநாள் படுத்துவிட்டது. கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் பேட்டரி இல்லாமல் பொறி வராது. புதுப் பேட்டரிக்கு எங்கே போவது? லாரி ஓடாவிட்டால் டிரைவர் எதற்கு, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடலாம் என்று அதிகாரி சொன்னதாகக் கிராணி வந்து சொன்னார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாமுக்குப் போன ஆட்கள் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அன்று அண்ணி சாப்பிடவில்லை.

கிராணி எஸ்டேட் குமாஸ்தா, ஆபீசை நடத்தியவர். துரை இருந்தவரை துரைக்குக் குனிந்தார். ஜப்பான்காரன் வந்ததும் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி வந்து, பழைய திராவகத்தைக் கொட்டி, உள்ளே படிந்த கசடை மழைத்தண்ணீரால் அலசினார். கூரைத் தகரத்தில் பட்ட மழை ஆகாதாம், வானத்திலிருந்து நேராகப் பிடித்ததுதான் வேண்டுமாம். நாங்கள் ஓடைத் தண்ணீர் குடித்தோம். தேயிலைத் தொழிற்சாலையில் துரை விட்டுப்போன ஜாடியிலிருந்து புதுத் திராவகம் வந்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது என்று பேட்டரிக்கு அடுப்போரம் இடம் கிடைத்தது. அங்கே படுத்துக்கொண்டிருந்த நான் கதவோரம் போனேன்.

லயத்தில் ஏது கரண்ட்? உடைந்த கார் ஒன்றின் டைனமோவை சைக்கிளின் பின்சக்கரத்தோடு வார் போட்டுப் பிணைத்தார் அண்ணன். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பது என் வேலை. வாழ்நாளில் அவ்வளவு தூரம் நான் சைக்கிள் விட்டதில்லை. அடுப்பங்கரையைத் தாண்டவும் இல்லை.

திராவகம் தெறித்து அண்ணியின் ஒரே நல்ல சேலை சல்லடையானது. துணி கிடைக்காமல் பலர் சாக்கு உடுத்திய காலம் அது. அண்ணி திட்டவில்லை. ஓட்டைகளைத் தைத்துக்கொண்டே, "நிறுத்தாம மிதிங்க தம்பி. ஒங்க அண்ணன் சயாமுக்குப் போகக் கூடாது லா" என்றார்.

கிராணி தினமும் வந்து எங்கள் ஒரே முக்காலியில் உட்கார்ந்து, "என் பேட்டரி எப்படிடா இருக்கு?" என்று விசாரிப்பார். கொஞ்சம் மிதியுங்கள் ஐயா என்றால் உடனே முழங்கால் வலி வந்துவிடும். தானே பேட்டரிக்கு உயிர் கொடுப்பதாகக் பக்கத்து ஊர் கோலா தெர்லா வரை சொல்லி வைத்திருந்தார்.

ஒருவழியாக லாரி இருமிக்கொண்டு கிளம்பியது. கிராணி தன் கையால் பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நானும் அண்ணியும் பின்னால் கூடைகளோடு ஏறினோம்.

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் லாரி நின்றதும் அதிகாரி பொட்டு வைத்த பேட்டரியைக் குனிந்து பார்த்து, யார் செய்தது என்று மலாயில் கேட்டார். யாரும் வாய் திறக்குமுன் கிராணி நெஞ்சில் கை வைத்து, மலாய் மரியாதையில் "நான்தான் துவான்" என்றார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சயாமில் எத்தனையோ லாரிகள் பேட்டரி செத்து நிற்கின்றன, இப்படி ஓர் ஆளைத்தான் தேடினேன், நாளைக்கே புறப்படு என்றார்.

கிராணி ஆடிப்போனார். "இல்ல துவான்! டிரைவர்தான் எல்லாம் செஞ்சான், நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்!" என்று அலறினார். அத்தனை நாளில் அவர் பேசிய முதல் உண்மை அது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காய்கறி விற்றுப் பழகிய மலாய் அண்ணிக்குக் கொஞ்சம் உண்டு. தைத்த சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "கிராணி மொதல்ல சொன்னதுதான் சரி துவான். எங்க வீட்டுக்காரருக்கு லாரி ஓட்ட மட்டும்தான் தெரியும்."

மறுநாள் சயாமுக்குப் போகும் கிராணியைத் தாப்பாவில் கொண்டுபோய் விட்டது அண்ணன்தான். நானும் கூடப் போனேன். ரிங்லெட் தாண்டியதும் அண்ணன் லாரியை ஓரம் கட்டி, பேட்டரியைத் திறந்து காட்டினார். "திராவகத்துல தண்ணிய ஊத்திடாதீங்க ஐயா, வெடிச்சிரும். தண்ணியிலதான் திராவகத்த ஊத்தணும், கொஞ்சம் கொஞ்சமா."

"தண்ணியில திராவகம்" என்றார் கிராணி. தாப்பா வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு அவர் மலைக்குத் திரும்பவே இல்லை. அண்ணன் எங்களோடு இருந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். கிராணியின் மனைவி எதிரே வரும்போது மட்டும் அண்ணி தலை நிமிரமாட்டார்.