மூன்று மணிப் பாரா

என் நண்பன் ஏழுமலைக்குப் பொய் சொல்ல வராது. வகுப்புக்கு லீவு போட வயிற்றுவலி என்று சொன்னால்கூட அவனுக்கு நிஜமாகவே வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு நடந்தது இது. வருடம் 2004. மொன்ட்ரியாலில், வில்லரே பகுதியில் ஒரு மாடி வீடு. கீழ் வீட்டுக்காரர்களிடமும் நான் தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை மாறவில்லை. தமிழ்நாட்டுப் பேய்க்குக் கனடா விசா யார் கொடுத்தது என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதலில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

ஏழுமலை சரித்திர ஆராய்ச்சி மாணவன். சென்னையிலிருந்து மனைவி நீலாவதியோடு வந்தவன். அவன் எடுத்துக்கொண்ட விஷயம், வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் மாகாணப் போலீஸ். அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். சில சாதிகளில் பிறந்தாலே போதும், நீ திருடன். திருடியிருக்க வேண்டும் என்பதில்லை. ராத்திரியில் ஆள் ஊரில்தான் இருக்கிறானா என்று போலீஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். பதினோரு மணிக்கு ஒரு பாரா, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பாரா. கான்ஸ்டபிள் வாசலில் நின்று தடியால் தட்டி, அப்பன் பெயரோடு சேர்த்து ஆளைக் கூப்பிடுவான். உள்ளேயிருந்து “இருக்கேன் எசமான்” என்று குரல் வர வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் மறுநாள் ஜெயில்தான். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும் சரி. வாழ்நாள் முழுக்க ஒருவன் முழுத் தூக்கம் தூங்கியிருக்க மாட்டான் என்று ஏழுமலை சொல்லும்போது அவன் கண் கலங்கும்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. திங்களன்று பல்கலைக்கழகத்தில் இந்தப் பாராவைப் பற்றி அவன் பேச வேண்டும். பேசினால் மட்டும் வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு உறைக்காது, நடித்தே காட்டிவிடலாம் என்று நினைத்தான். வீட்டிலேயே ஒத்திகை. அந்தப் பகுதி வீடுகளில் மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளியே, தெருவைப் பார்த்து இருக்கும். இரும்புப் படி. தரை துடைக்கும் கம்பை எடுத்துக்கொண்டு ஏழுமலை வெளியே போய்க் கதவைச் சாத்தினான். நீலாவதி சோபாவில் காலை நீட்டி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம் முடிந்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம், ஏறாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. அப்படித் தங்கிய பிள்ளை. அவர்களுக்கு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியாத காலம் அது.

டொக்... டொக்... டொக்...

“வெள்ளையன் மகன் சடையன்!”

அது வாய்க்கு வந்த பெயர். எங்கேயும் படித்ததில்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறான்.

“இருக்கேன் எசமான்!” நீலாவதி அடித்தொண்டையில் ஆண்பிள்ளைபோல் குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க அவன் கடிகாரம் கட்டியிருந்தான். சாயங்காலம் மணி சரியாக ஐந்தரை.

மறுநாள் ஞாயிறு. கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற நாள். ஹாலோவீனும் அன்றைக்கே. முகமூடி போட்ட பிள்ளைகள் சாயங்காலத்திலிருந்தே தெருவில் திரிய ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்க மிட்டாய் வாங்க ஏழுமலை மூலையிலிருந்த தெப்பனேர் கடைக்குப் போயிருந்தான். நீலாவதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குப் படியில் தட்டும் சத்தம். “வெள்ளையன் மகன் சடையன்!”

இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள், “இருக்கேன் எசமான்” என்றாள். பூட்ஸ் கால்கள் படியிறங்கிப் போயின. ஐந்து நிமிடம் கழித்து ஏழுமலை மிட்டாயோடு வந்தான்.

“கூப்பிட்டுட்டு ஏங்க திரும்பக் கீழ போனீங்க?”

“யாரு கூப்பிட்டது? நான் இப்பதானே வரேன்.”

அவள் அவன் காலைப் பார்த்தாள். அவன் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

திங்கள் மாலை, பல்கலைக்கழகப் பேச்சை முடித்து வந்த பிறகு, நாலரைக்கு அவனே அந்தச் சத்தத்தைக் கேட்டான். சோபாவில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தட்டும் சத்தம் கேட்டதும் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான். படிக்கட்டு காலி. தெரு விளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. யாருமில்லாத அந்தப் படியிலிருந்து, இரண்டடி தூரத்தில், குரல் மட்டும் வந்தது. எங்கேயோ கேட்ட குரல். யாருடையது என்றுதான் பிடிபடவில்லை. பின்னாலிருந்து நீலாவதி பதில் சொன்னாள். பூட்ஸ் இறங்கிப் போனது. அது இறங்குகிற சத்தம் தினமும் கேட்கும். ஏறுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

சனிக்கிழமை ஐந்தரை, அதற்கப்புறம் தினமும் நாலரை. ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். பிறகு உறைத்தது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளியது கனடாதான், நம் ஊர் இல்லை. சனிக்கிழமையின் ஐந்தரையும் இப்போதைய நாலரையும் நம் ஊரில் ஒரே நேரம். விடியற்காலை மூன்று மணி.

வீட்டுக்காரர் அருமைராசா இலங்கை மன்னார்க்காரர். கீழ் வீட்டில் மனைவி றோசலினோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாதா கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் கொண்டுவந்து, செபம் சொல்லிப் படி முழுக்கத் தெளித்தார். ராத்திரிக் குளிரில் தீர்த்தம் ஐஸாகிவிட்டது. காலையில் அதில் வழுக்கி விழுந்தவரும் அவரேதான்.

“இது எங்கட ஆள் இல்லைத் தம்பி,” என்றார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “இது உங்கட ஊர்ச் சாமான். நீங்கள்தான் பாக்கோணும்.”

வேறு வீடு பார்க்கலாமென்றால் அந்த உடம்போடு அவளை எங்கே அலைக்கழிப்பது? பதில் சொல்லாமல் இருந்து பார்ப்போம் என்று ஏழுமலை முடிவு செய்தான். பதில் சொல்லச் சொல்லத்தானே வருகிறது, விட்டால் போய்விடும் என்பது அவன் கணக்கு.

நவம்பர் நடுவில் ஒருநாள். முதல் அழைப்பு. நீலாவதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் அழைப்பு. அதே குரல். கோபமில்லை. அவசரமில்லை.

“என்னங்க... புள்ள அசையல.”

அதுவரை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். வயிறு கல்லாக இருந்தது.

“வெள்ளையன் மகன்...”

“இருக்கேன்! இருக்கேன் எசமான்! இருக்கேன்!”

பூட்ஸ் இறங்கிப் போனது. உள்ளே பிள்ளை புரண்டது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அதிலிருந்து அவள் வெளியே போகவே இல்லை. மருத்துவமனைக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் ஒன்று மொன்ட்ரியாலில் ஒரு கர்ப்பிணியை வீட்டோடு கட்டிப் போட்டுவிட்டது. ஏழுமலைக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அந்தக் காலத்தில் ஆள் இல்லாத நாளில் அண்ணனோ தம்பியோ குரல் கொடுத்துச் சமாளிப்பார்கள். கான்ஸ்டபிளுக்கு வேண்டியது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், அவ்வளவுதான். ஒருநாள் நீலாவதிக்குப் பதிலாக இவனே பதில் சொல்லிப் பார்த்தான். பூட்ஸ் வழக்கம்போல் இறங்கிப் போனது. வீட்டுக்குத்தான் பாரா, ஆளுக்கு இல்லை என்று அவன் முடிவு கட்டினான். படித்தவன் இல்லையா, படித்ததை நம்பினான்.

அவன் பதில் சொன்ன அன்றைக்கு நீலாவதி உள் அறையில்தான் படுத்திருந்தாள். அதை அவன் யோசிக்கவில்லை.

டிசம்பர் பத்து, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு வலி எடுத்தது. டாக்டர் சொன்ன பிரசவ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அருமைராசா காரை எடுத்தார். றோசலின் அவளைத் தாங்கிப் படியிறக்கினாள்.

“நீங்க வரலையா?” நீலாவதி கையை விடவில்லை.

“நாலரை தாண்டினதும் வந்துடறேன். இங்க யாராவது பதில் சொல்லணும்மா. உனக்காகத்தான். புள்ளைக்காகத்தான்.”

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு கதவுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாலரை.

டொக்... டொக்... டொக்...

“வெள்ளையன் மகன் சடையன்!”

“இருக்கேன் எசமான்!”

வெளியே ஒரு சத்தமும் இல்லை. பூட்ஸ் இறங்கவில்லை. ஹீட்டரின் முனகல் மட்டும்.

“இருக்கேன் எசமான்...”

கதவுக்கு அந்தப் பக்கம், மரத்தில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவதுபோல், மெதுவாக...

“நீ இல்ல.”

பூட்ஸ் இறங்கியது. இந்தத் தடவை வேகமாக. ஓட்டமாக.

அவன் கதவைத் திறந்தான்.

படியெல்லாம் புதுப் பனி.

ஒரு காலடிகூட இல்லை.

மருத்துவமனைக்கு அவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. மெத்ரோ ரயிலில் அழுதுகொண்டே நின்றது மட்டும் ஞாபகம். மூன்றே முக்காலுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஆபரேஷன். நல்ல எடை. பிறந்ததும் நன்றாகவே அழுதிருக்கிறது. நாலரை தாண்டிச் சில நிமிடத்தில் மூச்சு நின்றுவிட்டது. டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள். கடைசிவரை அவர்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. நீலாவதி மயக்க மருந்தில் கிடந்தாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

றோசலின் தாழ்வாரத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

“எங்க தம்பி போனனீங்கள்? பிள்ளையைப் பாத்திட்டு ஒரு கதையும் இல்லாமல் போயிட்டீங்கள்...”

“நான் இப்பதான் அக்கா வரேன்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? நாலரை தாண்டின உடன வந்தனீங்களெல்லே! கதவடியில நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டனீங்கள். நீலா மயக்கத்தில கிடக்கிறா, அவவுக்கு எங்க கேக்கும் எண்டு நான் சொன்னனான். பேந்து உள்ள போய்க் குனிஞ்சு பிள்ளையைப் பாத்து, ‘வா’ எண்டனீங்கள்.”

ஏழுமலை தன் முகத்தைத் தொட்டுக் காட்டினான்.

“என் மூஞ்சியாக்கா?”

“உங்கட முகம்தான். உங்கட குரல்தான். கையில ஒரு தடி. தலையில சிவப்பா என்னவோ சுத்திக் கட்டியிருந்தனீங்கள். குளிருக்கெண்டு நினைச்சன்.”

மதராஸ் மாகாணப் போலீஸ்காரனுக்கு அந்தக் காலத்தில் சிவப்புத் தலைப்பாகை. தாழ்வாரத்தில் நின்ற அத்தனை பேரில் அது தெரிந்தவன் ஏழுமலை ஒருவன்தான்.

பிள்ளையை அடக்கம் செய்தார்கள். நீலாவதி அவனோடு பேசவில்லை. நீங்க கூட வந்திருந்தா என்று ஒரே ஒரு தடவை ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. ஜனவரியில் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு படியில் சத்தம் இல்லை, அழைப்பு இல்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் அவன் அப்பாவுக்கு போன் செய்து, அதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னான்.

“உன் கொள்ளுத்தாத்தா அந்தப் போலீஸ்லதான்டா இருந்தார்,” என்றார் அப்பா. “நம்ம வீட்ல அவர் பேரையே எடுக்கக்கூடாதுன்னு எங்கப்பா சத்தியம் வாங்கியிருந்தார். நீ அவரை உரிச்சு வச்ச மாதிரி இருக்கேன்னு நீ பொறந்தன்னைக்கே எங்கத்தை சொல்லி அழுதாங்க. மூணு மணிப் பாரா எப்பவும் அவருக்குத்தான்.”

“சடையன் யாருப்பா?”

“எனக்குத் தெரியாதுடா. எத்தனையோ பேர். அவர் பாராவுல ஒருத்தனும் தப்பினதில்லையாம். மூணு தரம் கூப்பிட்டு ஆள் இல்லைன்னா, வீட்ல இருக்கிறதுலயே சின்னதைத் தூக்கிட்டுப் போயிடுவாராம். அப்புறம் தேடவே வேண்டாமாம். அப்பன் தானா வந்துடுவானாம்.”

அருமைராசா வாடகையே வேண்டாம், வேறு வீடு பார்த்துப் போங்கள் தம்பி என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். நானும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். மறுபடி கூப்பிடும்போது பிள்ளையைத் திருப்பிக் கேட்க அப்பன் இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏழுமலை அந்த வீட்டை விட்டு வர மறுத்துவிட்டான்.