இடது கால் முதலில்

கோல் அடிப்பது பெரிய வித்தை இல்லை. எந்தக் காலால் அடிக்கப் போகிறோம் என்பதைக் கடைசி நொடி வரை காட்டாமல் இருப்பதுதான் வித்தை. பதினான்கு வருடம் அதை வைத்துத்தான் சோறு தின்றேன். கொல்கத்தாவில் மூன்று அணி, கோவாவில் ஒன்று, கேரளத்தில் இரண்டு, பஞ்சாபில் ஒன்று, நடுவில் ஒரு வருடம் மாலத்தீவு. மாலத்தீவில் நாங்கள் பயிற்சி எடுத்த மைதானத்தில் ஓங்கி அடித்தால் பந்து கடலுக்குப் போய்விடும். அடித்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். இத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தவன், கடைசியில் திருத்தணிப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

வலது மூட்டு பஞ்சாபில் போனது. ஜனவரிக் குளிரில் தரை கல்லாகக் கிடந்தது. பந்தை வாங்கித் திரும்பினேன், பாதம் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ கிழிந்தது எனக்கே கேட்டது. ஓடி வந்த பிசியோவிடம் ஒன்றுமில்லை என்றேன். முன்களத்தில் ஆடுகிறவன் வாயில் அதிகம் வரும் வார்த்தை அதுதான். ஊசி போட்டுக்கொண்டு மேலும் ஆறு ஆட்டம் ஆடினேன், கோல் ஒன்றும் இல்லை. சீசன் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள்.

வரும் வழியில் வேறு ஊரில் இறங்கி, யாருக்கும் தெரியாமல் ஸ்கேன் எடுத்தேன். மூட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து பழைய நிலைக்கு வர ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார் மருத்துவர். முப்பத்து மூன்று வயதில் ஒரு வருடம் உட்கார்ந்தவனை எந்த அணியும் திரும்பக் கூப்பிடாது. படத்தை உறையோடு பெட்டியின் அடியில், பழைய ஜெர்சிகளுக்குக் கீழே செருகி வைத்தேன்.

திருத்தணி வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களைப் போல ஒரு தண்டனையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. நைனா, அதாவது அப்பா, விடிந்ததும் டவுன் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குத் தறி ஓட்டப் போய்விடுவார். நான் டீக்கடைக்குப் போனால், "இன்னாபா, டீம் ஒண்ணும் ஆப்டலியா?" என்பார்கள். கேட்டவனுக்கு ஒரு பதில், அவன் பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கு இன்னொரு பதில் என்று தினமும் சண்டை. பிறகு டீயையே விட்டுவிட்டேன்.

ஜூலையில் போன் வந்தது. வடகிழக்கில் ஒரு மலை ஊர் அணி. அவர்கள் ஆள் ஒருவன் வெளிநாடு போய்விட்டதால் அவசரமாக முன்கள ஆட்டக்காரன் வேண்டும். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை அங்கே மருத்துவப் பரிசோதனை, தேறினால் அன்றே கையெழுத்து. என் வயதில் இதுதான் கடைசி அழைப்பு என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

பரிசோதனையை ஏமாற்றவும் எனக்குத் தெரியும். பத்து நாள் குந்தக் கூடாது, ஓடக் கூடாது, முக்கியமாகப் படி ஏறக் கூடாது. காலையும் மாலையும் ஐஸ் வைத்தால் வீக்கம் வடிந்துவிடும். அன்றைக்குப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வலி மாத்திரை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் நல்ல காலில் தொடங்கி, ஏதாவது கதை பேசிக்கொண்டே முடித்துவிட வேண்டும். இப்படித் தேறியவர்கள் நாலு பேரையாவது எனக்குத் தெரியும். பத்து நாளில் இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் அம்மா ஆரம்பித்தாள்.

"வர்ற வியாழக்கெழம ஆடிக் கிருத்திகை. நீ காவடி எடுக்கணும். வேண்டிக்கினு இருக்கேன்."

"எப்ப வேண்டிக்கினே?"

"உனுக்கு டீம் கெடைக்கணும்னு மூணு மாசம் முன்னாலயே. கெடைச்சிடுச்சில்ல?"

"என்னக் கேக்காம எதுக்கும்மா வேண்டிக்கினே?"

"உன்னக் கேட்டுகினா சாமி கிட்ட வேண்டிக்குவாங்க?"

முந்நூற்று அறுபத்தைந்து படி. வெறுங்கால், தோளில் காவடி, முன்னும் பின்னும் லட்சம் ஜனம். ஏறி இறங்கினால் மூட்டு வீங்கிவிடும் என்பதில் சந்தேகமில்லை, திங்கட்கிழமைக்குள் வடியாது.

"பாவா எடுத்துகினு வரட்டும். நான் வண்டியில மேல வந்து நிக்கிறேன்," என்றேன். பாவா என் அக்கா புருஷன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். அப்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்தா அப்பால என்னத்தான் டீம்ல சேத்துக்குவாங்க மச்சான்," என்றார் வாயில் சோற்றோடு.

அம்மா சிரிக்கவில்லை. "உம்பேர்ல வேண்டிக்கினது. நீதான் எடுக்கணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா, மூட்டு கிழிந்திருக்கிறது, என்னால் முடியாது என்று ஒரு வரி. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பாவா காதில் விழுந்த ரகசியம் மின்சார ரயிலுக்கு முன்னால் அரக்கோணம் போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமே இல்லை. "செரி, எடுக்கறேன்," என்று எழுந்துவிட்டேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பிசியோக்கள் சொல்லித்தரும் பாடம்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து உடம்பைத் தூக்கி, வலது காலைச் சும்மா இழுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் மூட்டில் பாரம் விழாது. நேரம் ஆகும், அவ்வளவுதான். இறங்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லி மலைப்பாதையில் வண்டி பிடித்துவிடலாம்.

வியாழக்கிழமை காலையில் சரவணப் பொய்கையில் குளித்து மஞ்சள் வேட்டி கட்டினேன். மூட்டில் சுற்றியிருந்த பட்டையைக் குளிக்கும் முன்பே யாரும் பார்க்காமல் அவிழ்த்துப் பையில் போட்டிருந்தேன். பூக்காவடியைத் தோளில் ஏற்றினார்கள். ஏற்றினால் கோயிலில்தான் இறக்க வேண்டும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். அம்மா என் வலப்பக்கம் ஒட்டி வந்தாள். பாவா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பின்பக்கமாகவே ஏறினார்.

"படம் எடுக்காத பாவா, கீழப் பாத்து ஏறு."

"நீ சாமியப் பாரு மச்சான், நான் உன்னப் பாக்கறேன்."

முதல் நூறு படி நான் நினைத்தபடியே போனது. இடது, பக்கத்தில் வலது. இடது, பக்கத்தில் வலது. அரோகரா என்று பின்னால் கத்துகிறார்கள், எனக்கு எண்ணிக்கைதான் சாமி. கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி, "ஒவ்வொரு படிக்கும் ரெண்டு பாதத்தையும் வெச்சு ஏர்றாரு பாரு, இன்னா பக்தி," என்று சொன்னது காதில் விழுந்தது. பாவா உடனே போனில் அதையே உரக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது. நொண்டுவதைப் பக்தி என்று நம்பும் ஊரில் பிறந்ததற்கு அன்றைக்கு நன்றி சொன்னேன்.

இருநூறு தாண்டியதும் படியெல்லாம் ஈரம். காவடி எடுப்பவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது வழிந்து வழுக்குகிறது. இருநூற்று முப்பதோ நாற்பதோ, எண்ணிக்கை அங்கேதான் தவறியது, பின்னாலிருந்து ஒரு தள்ளு. விழாமல் இருக்க எது முந்தியதோ அந்தக் காலை வைத்தேன். வலது கால். முழு உடம்பும் காவடியும் அதன்மேல் இறங்கின. மூட்டு பூட்டிக்கொண்டது.

பூட்டிக்கொள்வது என்றால் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மடக்கவும் வராது, நீட்டவும் வராது. ஒற்றைக் காலில் நிற்கிறேன். காவடி ஒரு பக்கம் சாய்கிறது. உடம்பு கிடுகிடுவென்று நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அருள் வந்துவிட்டதாம். பம்பைக்காரர்கள் இரண்டு பேர் என் முகத்துக்கு நேரே வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். அரோகரா கூரையைப் பிய்த்தது. ஒருத்தர் நெற்றியில் விபூதியை அப்பினார். பாவா அழுதுகொண்டே படம் எடுத்தார்.

திங்கட்கிழமை போச்சு என்று நினைத்தேன். கீழே விழுந்தால் அதுவும் எல்லோர் போனிலும் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் சாமி நினைப்பு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். குதிகாலை மட்டும் வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பினேன், ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பூட்டு விட்டது. பக்கத்தில் பார்த்தேன். அம்மா சாமி கும்பிடவில்லை, அரோகரா சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

மறுபடியும் இடது, பக்கத்தில் வலது. மீதிப் படிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. மேலே காவடியை இறக்கினார்கள், தரிசனம் ஆனது. இறங்குவதற்கு நான் சாக்குத் தேடும் முன்பே அம்மா, "எனுக்கு முட்டி வலிக்குது, வண்டியிலயே போயிடலாம்," என்றாள். வருடா வருடம் படியிலேயே இறங்குகிறவள் அவள். நல்ல வேளை என்று ஏறி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மூட்டு தேங்காய் அளவுக்கு வீங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு ஐஸ் வைத்தேன். சனிக்கிழமை காலையில் கொஞ்சம் வடிந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, மாத்திரையைக் கூட்டினால் தேறிவிடலாம் என்று தைரியம் வந்தது. அன்று மத்தியானம் பாவா வாயெல்லாம் பல்லாக வந்தார். அவர் போட்ட வீடியோவைப் புது அணிக்காரர்களே எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம், எங்கள் புது ஆட்டக்காரரின் பக்தி என்று. ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம்.

அவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. புது அணியின் மருத்துவர். சென்னையில் படித்தவர், தமிழ் தெரியும். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்க வீடியோவை மூணு தடவை பார்த்தேன். எல்லாப் படியிலும் இடது காலைத்தான் முதல்ல வைக்கிறீங்க. வலது கால் ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில நின்னுட்டீங்க. அது சாமி வந்தது இல்லேன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்கேன் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பதினான்கு வருடப் பழக்கம். ஆனால் வார்த்தை வரவில்லை. "இருக்கு டாக்டர்," என்றேன். பெட்டியைத் திறந்து, ஜெர்சிகளைத் தள்ளி, படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அணி மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. முதலில் உடம்பைப் பாருங்கள், நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

பாவாவைக் கண்டபடி திட்டினேன். வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "நான் பக்தின்னு நெனச்சிகினேன் மச்சான்," என்றார். அதற்குமேல் திட்ட முடியவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, என் முட்டி செரியில்லம்மா. ஆறு மாசமா."

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? இருபது படி ஏர்றதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சி. நீ நடக்கப் பழகறப்பகூட அப்பிடி வெச்சதில்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "தெரிஞ்சிகினு ஏம்மா கம்முனு வந்தே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கயே எறக்கி வெச்சிருப்பேன்ல?"

"நீ சொல்லுவேன்னுதான் ஒவ்வொரு படிக்கும் உன் மூஞ்சியப் பாத்துகினு வந்தேன். முடியலம்மான்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாமி கிட்ட நான் பேசிக்கினு இருப்பேன். இன்னாடான்னு வாய் விட்டே கேட்டேன். ஒண்ணுமில்லன்ன."

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஐஸ் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். என் வலது காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்பனாச்சும் சொல்லு. எங்க வலிக்குது?"

அணி மருத்துவர்கள் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் தொடையையோ கணுக்காலையோ காட்டித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் விரலை வைத்து, வலிக்கிற இடத்தைச் சரியாகக் காட்டினேன்.